நம்ம நெட் பெட்டியின் சாவி யார் கையில்?



எங்கள் கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். அலுவலகத்தில் நெட் இணைப்பும் நாலு கேமராவும் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வாசலில் ஒரு கேமரா, கணக்கு எழுதும் மேஜைக்கு மேலே ஒன்று, கூட்ட அறையில் ஒன்று, பின்பக்கம் தையல் பயிற்சி நடக்கும் அறையில் ஒன்று. தையல் மெஷின் திருடு போய்விடக் கூடாது என்று நாங்களே தீர்மானம் போட்டு வைத்த கேமரா அது.

போன மாதம் ஒரு கேமராவில் படம் வரவில்லை. பழுது பார்க்க ஒரு தம்பி வந்தார். அவர் இந்தக் கேமராவைப் போட்டுக் கொடுத்தவர் இல்லை, புது ஆள். பாஸ்வேர்டு என்ன என்று எங்களிடம் கேட்கவே இல்லை. அவரே என்னமோ தட்டினார், நாலு படமும் திரையில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற எங்கள் பொருளாளர் அக்கா விடவில்லை.

"தம்பி, நாங்க யாரும் பாஸ்வேர்டு சொல்லலையே, எப்படித் திறந்துச்சு?"

"எல்லாப் பெட்டிக்கும் ஒண்ணுதாங்க்கா. கம்பெனியிலேருந்து வரும்போதே அட்மின்னு போட்டுத்தான் வரும். நீங்க மாத்தலை, அப்படியே இருக்கு."

"அப்ப இது வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"இந்த வேலை தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியுங்க்கா."

அக்கா முகம் மாறிப் போச்சு. எங்களுக்கும் பேச்சு வரவில்லை. அந்தப் பின் அறையில்தான் ஜாக்கெட்டுக்கு அளவு எடுப்போம். பிள்ளைத்தாய்ச்சிகள் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதும் அங்கேதான். இரண்டு வருஷமாக அந்த அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இன்னொரு கதவைத் திறந்தே வைத்திருந்திருக்கிறோம்!

யாராவது பார்த்தார்களா என்பதற்கு எந்தத் தடயமும் எங்களிடம் இல்லை. அன்று சாயங்காலமே அந்த அறைக் கேமராவைக் கழற்றிவிட்டோம். அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நெட் இணைப்பு, கேமரா இருக்கிற ஒவ்வொரு குழுவும், ஒவ்வொரு வீடும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு பக்கம்

நெட் வருகிற மோடம், வைஃபை பெட்டி, கேமராப் படங்களைச் சேமித்து வைக்கும் டிவிஆர் பெட்டி, இவையெல்லாம் என்ன? பார்க்க டிபன் டப்பா மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது சின்னக் கம்ப்யூட்டர். வைஃபை பெட்டிக்குத் திரையும் கிடையாது, தட்டச்சுப் பலகையும் கிடையாது. அப்படியானால் அதற்கு நாம் எப்படி உத்தரவு போடுவது?

அதற்காகப் பெட்டிக்குள்ளேயே ஒரு இணையப் பக்கம் வைத்திருக்கிறார்கள். நமது வைஃபையில் சேர்ந்திருக்கும் போனிலோ கம்ப்யூட்டரிலோ நெட் பார்க்கிற இடத்தில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பல பெட்டிகளில் அந்தப் பக்கம் வரும். பெயர் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும். சரியாகக் கொடுத்தால் பெட்டியின் எல்லா அமைப்பும் நம் கையில். டிவிஆர் பெட்டிக்கும் கேமராவுக்கும் இதே போலத் தனித்தனியே பக்கம் உண்டு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். எந்த எண், எந்தப் பெயர், எந்தப் பாஸ்வேர்டு என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். நிறையப் பேர், "நாங்க வைஃபை பாஸ்வேர்டு போட்டிருக்கோம், பிள்ளைங்க பெயர்தான்" என்பார்கள். அது வேறு, இது வேறு. வைஃபை பாஸ்வேர்டு என்பது வீட்டுக்குள் வந்து உட்கார அனுமதி. பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு என்பது பீரோச் சாவி. வந்து உட்காருகிறவர் கையில் பீரோச் சாவியைக் கொடுப்போமா? இரண்டுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு வேண்டும்.

ஓட்டை மூன்று வகை

முதல் வகை, எங்கள் அலுவலகத்தில் இருந்ததுதான். கம்பெனியில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவது. கடையில் விற்கிற எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்றால் அந்தப் பூட்டு எதற்கு?

இரண்டாம் வகை, பெட்டியின் பக்கத்திலேயே தயாரிப்பில் விட்ட தவறு. பூட்டு நல்ல பூட்டு, ஆனால் கதவுப் பலகையில் ஓட்டை. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் என்ற பெரிய சீனக் கேமரா கம்பெனி இப்படி ஒரு ஓட்டை தன் கேமராக்களில் இருப்பதை அறிவித்தது. பாஸ்வேர்டே தெரியாமல் அந்தப் பக்கத்தின் வழியாகக் கேமராவுக்கு உத்தரவு போட முடியும் என்ற அளவுக்கு மோசமான ஓட்டை. அதை அடைக்கப் புதிய மென்பொருளைக் கம்பெனியே வெளியிட்டது. ஆனால் அதை ஏற்றிக்கொண்ட கேமராவுக்குத்தான் பாதுகாப்பு. சுவரில் மாட்டிவிட்டு மறந்து போன கேமராவில் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

மூன்றாம் வகை, தெருப்பக்கம் திறந்து வைப்பது. பெட்டியின் பக்கம் நம் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிய வேண்டும். "வெளியூர் போனாலும் போனில் பார்க்கலாம்" என்று ஆசைப்பட்டுச் சில நேரம் அதை உலகம் முழுக்கத் தெரிகிற மாதிரித் திறந்து விடுகிறார்கள். முதல் ஓட்டையோ இரண்டாம் ஓட்டையோ இதோடு சேர்ந்தால், முள்வேலியும் இல்லை, பூட்டும் இல்லை.

"நம்ம ஊரை யார் தேடி வரப் போறா?"

கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு சகோதரி கேட்டார்: "நம்ம ஊருக்கு டவுன் பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்லை. நம்ம பெட்டியை எவன் தேடி வரப் போறான்?"

நியாயமான கேள்வி. ஆனால் தேடி வருவது ஆள் இல்லை. அது ஒரு புரோகிராம். நெட்டில் இருக்கிற ஒவ்வொரு முகவரியையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும். ராத்திரி, பகல் கிடையாது. அதற்கு நியூயார்க்கும் ஒன்றுதான், நம்ம கறம்பக்குடியும் ஒன்றுதான்.

2016-ல் வந்த மிராய் என்ற புரோகிராம் இதைத்தான் செய்தது. கம்பெனிகள் போட்டுத் தரும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் 60 அதன் கையில் இருந்தன. அந்த 60 சாவியை வைத்தே உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் பெட்டிகளையும் பிடித்தது. அவற்றின் சொந்தக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. பிறகு அப்படிப் பிடித்த பெட்டிகளை ஒரே நேரத்தில் ஏவிவிட்டார்கள். 2016 அக்டோபர் 21 அன்று டிவிட்டர் உட்படப் பல பெரிய தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. மிராயை எழுதியவர்கள் கல்லூரி வயதுப் பையன்கள் மூன்று பேர். 2017-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. 2017 ஜூலை கடைசியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களை ஒரு கெட்ட புரோகிராம் தாக்கியது. கர்நாடகாவில் நிறையப் பேருக்கு நெட் நின்று போனது. சுமார் 60,000 மோடம்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத மோடம்கள்தான் அதில் மாட்டின. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

பணத்துக்கு என்ன ஆபத்து?

நாம் குழுக் கணக்கைப் போனில் பார்க்கிறோம், சில பேர் அலுவலகக் கம்ப்யூட்டரில் பார்க்கிறோம். இதில் பெட்டிக்கு என்ன வேலை?

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் புது ஆள் ஒருவர் பேங்குக்கு வழி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழி சொல்கிறவன் திருடன் என்றால் என்ன ஆகும்? பேங்க் மாதிரியே போர்டு மாட்டிய வேறு கட்டிடத்துக்கு அனுப்பிவிடுவான். அவரும் நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு வருவார்.

நெட்டிலும் அப்படித்தான். பேங்கின் பெயரை நாம் அடித்ததும், அதன் முகவரி எண் என்ன என்று நமது பெட்டி ஒரு இடத்தில் கேட்டு வாங்கும். யாரிடம் கேட்க வேண்டும் என்பது பெட்டிக்குள் எழுதி வைத்திருக்கும். பெட்டியின் பக்கத்துக்குள் புகுந்த திருடன் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். பிரேசில் நாட்டில் 2011-ல் இதுதான் நடந்தது. சில மோடம்களின் பக்கத்தில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்து, சுமார் 45 லட்சம் மோடம்களில் வழிகாட்டியை மாற்றிவிட்டார்கள். பேங்க் பக்கத்தைத் திறந்தவர்களுக்குத் திருடர்கள் செய்த போலிப் பக்கம் வந்தது. அவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு மூலையில் கிடந்த பெட்டியில்.

இன்று பேங்க் பக்கங்களும் செயலிகளும் இதற்குக் கூடுதல் பாதுகாப்பு வைத்திருக்கின்றன. அதனால் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். பேங்க் பக்கம் திறக்கும்போது "இது பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்று போனோ கம்ப்யூட்டரோ எச்சரித்தால், அவசரம் என்று தாண்டிப் போகாதீர்கள். மூடிவிட்டு பேங்குக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

பணத்தை விடப் பெரியது

பணம் போனால் சம்பாதிக்கலாம். இதைப் படியுங்கள்.

2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் யூடியூபில் வெளிவந்தன. வைத்தியத்துக்கு வந்த பெண்கள், அவர்களுக்கு ஊசி போடும், பரிசோதிக்கும் காட்சிகள். அவற்றை டெலிகிராமில் காசுக்கு விற்றிருக்கிறார்கள். அகமதாபாத் சைபர் குற்றப் பிரிவு போலீஸ் விசாரித்து, வேறு மாநிலங்களில் இருந்தவர்களைக் கைது செய்தது. அந்த ஒரு மருத்துவமனையோடு முடியவில்லை. பல மாநிலங்களில் பல இடத்துக் கேமராக்களில் புகுந்து சுமார் 50,000 வீடியோக்களை எடுத்திருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அந்த இடங்களில் பலவற்றில் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? "அட்மின்123".

அந்தப் பெண்கள் செய்த தப்பு என்ன? ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அங்கே கேமரா இருந்ததே தெரிந்திருக்காது. கேமரா வைத்தவர்கள் ஒரு பாஸ்வேர்டை மாற்றவில்லை. நாம் கேமரா வைக்கிற இடத்துக்கு வருகிற பெண்களுக்கு நாம்தான் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டியவை

1. கேமரா எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உடை மாற்றும் இடம், அளவு எடுக்கும் இடம், பால் கொடுக்கும் இடம், ஓய்வறை, இங்கெல்லாம் கேமரா கூடவே கூடாது. எவ்வளவு நல்ல பாஸ்வேர்டும் இதற்கு ஈடாகாது. வாசலுக்கும் பணப் பெட்டிக்கும் போதும்.

2. மோடம், வைஃபை பெட்டி, டிவிஆர், கேமரா, ஒவ்வொன்றுக்கும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். குழுப் பெயர், ஊர்ப் பெயர், போன் எண், பிறந்த வருஷம் வேண்டாம். சம்பந்தமில்லாத நாலு சொல்லைச் சேர்த்து நடுவில் எண் போடுங்கள். நீளமாக இருக்கட்டும். எங்கேயும் ஒரே பாஸ்வேர்டைப் போடாதீர்கள்.

3. போட்டுக் கொடுத்த கடைக்காரரின் போனில் உங்கள் கேமரா இன்னும் தெரிகிறதா என்று கேளுங்கள். கேமராவைப் போனில் பார்க்கிற செயலியில் கடைக்காரர் தன் கணக்கிலேயே பெட்டியைச் சேர்த்து வைத்திருப்பது உண்டு. அதை எடுக்கச் சொல்லி, குழுவின் கணக்கில் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். "தம்பி நல்ல பையன்" என்பது வேறு விஷயம். நல்ல பையனின் போன் தொலைந்தாலும் நம் படம் அதில் இருக்கும்.

4. பெட்டியின் பக்கத்தில் "ரிமோட் மேனேஜ்மென்ட்" என்று இருந்தால் அதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து கேமரா பார்க்க வேண்டிய தேவை இல்லையென்றால் அந்த வசதியையும் நிறுத்திவிடலாம்.

5. பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை, ஃபர்ம்வேர் என்பார்கள், புதுப்பிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேளுங்கள். நெட் கம்பெனி கொடுத்த பெட்டி என்றால் பல நேரம் கம்பெனிதான் புதுப்பிக்க முடியும். அவர்களிடம் கேட்பது நம் உரிமை. இனிமேல் புதுப்பிப்பு வராது என்ற பழைய பெட்டியை மாற்றுவதே நல்லது.

6. புதுக் கேமரா வாங்கினால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடப்பில் இருக்கிறது. எஸ்டிக்யூசி சான்று இருக்கிறதா என்று கடையில் கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்டு மறந்துவிட்டால், பெட்டியின் பின்னால் ஊசித் துளை மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். ஊக்கு முனையால் சில நொடி அழுத்தினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் நெட் கம்பெனி போட்ட அமைப்பும் சேர்ந்து அழியும், நெட் நின்றுவிடும். பழைய அட்மின் பாஸ்வேர்டும் திரும்பி வந்துவிடும். அதனால் கம்பெனி ஆளைக் கேட்காமல் அழுத்த வேண்டாம்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெட்டி திறக்கிறதா என்று யாரும் பார்க்கக் கூடாது. அனுமதியில்லாமல் அடுத்தவர் பெட்டிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு விரோதம். அக்கறை இருந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்?

பெண்ணின் அந்தரங்கத்தை அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பதும் பரப்புவதும் தண்டனைக்குரிய குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவும் இதற்கு இருக்கிறது. பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். படம் சம்பந்தமான புகாரை மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். பெண்கள் உதவி எண் 181. டிவிஆர் பெட்டியில் உள்ளதை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. பாதிக்கப்பட்ட சகோதரியிடம் "நீ ஏன் அங்கே போனே?" என்று யாரும் கேட்கக் கூடாது. குழு அவள் பக்கம் நிற்க வேண்டும்.

கையெழுத்து மாதிரி நினைப்போம்

குழுவில் பொறுப்பாளர்கள் மாறினால் முதல் வேலையாக என்ன செய்கிறோம்? தீர்மானம் போட்டு பேங்கில் கையெழுத்தை மாற்றுகிறோம். பழைய பொறுப்பாளர் மேல் சந்தேகப்பட்டா மாற்றுகிறோம்? இல்லை, அது முறை. பாஸ்வேர்டுக்கும் அதே முறை வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது பாஸ்வேர்டும் மாறட்டும். அதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, தீர்மானப் புத்தகம் இருக்கும் பெட்டியில் பூட்டி வையுங்கள். சுவரில் எழுதி ஒட்ட வேண்டாம்.

எங்கள் கூட்டமைப்பில் இப்படித் தீர்மானம் எழுதினோம்: "நமது அலுவலக நெட் பெட்டி, டிவிஆர், கேமரா ஆகியவற்றின் பாஸ்வேர்டை இன்று மாற்றினோம். இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், பொறுப்பாளர் மாறும்போதும் மாற்றுவது என்றும், பெண்கள் தனித்திருக்கும் இடத்தில் கேமரா வைப்பதில்லை என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது." நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருக்க, நம் அம்மாக்களும் அக்காக்களும் ஓட்டிக்கொண்டே போனார்கள். சைக்கிள் வாங்கிய கையோடு பூட்டும் வாங்கினோம், சாவியை முந்தானையில் முடிந்தோம். இதுவும் அதே மாதிரிதான். நெட் வந்துவிட்டது, நல்லது. சாவி நம்ம முந்தானையில் இருக்கட்டும்.

வருகிற கூட்டத்திலேயே பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்துவிடுவோமா?